காய்ச்சலை முதலில் காணும் கிளினிக்குகள்

ஓர் ஊரில் கொள்ளைநோய் தலைதூக்குவதை அரசுக்கு முன்பே உணர்ந்துவிடுபவர், அந்த ஊரின் கடைவீதியில் மாலை நேரத்தில் கிளினிக் நடத்தும் பொது மருத்துவர். வழக்கமாக நான்கைந்து காய்ச்சல்காரர்கள் வந்துபோகும் இடத்தில் ஒரே மாலையில் பதினைந்து பேர் டோக்கன் வாங்கிக் காத்திருந்தால், அவர்களில் பலர் ஒரே தெருவையோ ஒரே தறிக் குடோனையோ சேர்ந்தவர்களாக இருந்தால், ஏதோ பரவத் தொடங்கிவிட்டது என்பதை ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே அவர் புரிந்துகொள்கிறார். ஆனால் அந்த அறிவு பெரும்பாலும் கிளினிக்கின் நான்கு சுவர்களுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. எந்த நோய், எங்கே, எத்தனை பேருக்கு, எந்த நாளிலிருந்து என்னும் தகவல்களை இடைவிடாமல் திரட்டி, ஆராய்ந்து, நடவடிக்கை எடுக்க வேண்டியவர்களிடம் காலத்தில் சேர்ப்பதையே பொது சுகாதாரத் துறையினர் நோய்க் கண்காணிப்பு என்கின்றனர். அந்தத் தகவல் தபாலிலும் கோப்பிலும் செல்லாமல் கணினி வழியாகவும் கைபேசி வழியாகவும் அன்றன்றைக்கே செல்லுமானால் அது மின்னணு நோய்க் கண்காணிப்பு. இந்தியாவில் இதற்கான கணினித் தளமும் சட்டமும் இருக்கின்றன; அலுவலர்களும் இருக்கின்றனர். இல்லாதது, கடைவீதி மருத்துவரை அந்த அமைப்போடு பிணைக்கும் உறவுதான்.

இந்த உறவின் அருமையைப் பல்லடம் போன்ற ஓர் ஊரை வைத்துப் பார்க்கும்போது தெளிவாக உணர முடியும். கோவையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையும் திருப்பூரிலிருந்து தெற்கே இறங்கும் சாலைகளும் சந்திக்கும் இவ்வூரில், விசைத்தறிகளுக்கும் கறிக்கோழிப் பண்ணைகளுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் வேலைக்கு வருவோரின் போக்குவரத்து ஒருநாளும் நிற்பதில்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் லைன் வீடுகளில் நெருக்கமாக வாழ்கின்றனர். மழை குறைந்த மேட்டுநிலம் என்பதால் குழாயில் தண்ணீர் வரும் நாளில் பிளாஸ்டிக் டிரம்களிலும் சிமென்ட் தொட்டிகளிலும் பிடித்து நிரப்பி, அடுத்த முறை தண்ணீர் வரும்வரை வைத்துக்கொள்வது இங்கே பழகிப்போன வாழ்க்கைமுறை. டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிச் செல்வதில்லை. இப்படிச் சேமித்து வைத்த நல்ல தண்ணீரிலும், வாசலில் கிடக்கும் ஆட்டுக்கல்லிலும், பழைய டயரிலும் தேங்கிய மழைநீரிலும்தான் முட்டையிடுகிறது. ஆகவே தண்ணீர்ப் பஞ்சமும் மழைக்காலமும் இரண்டுமே அதற்கு உகந்தவையாக அமைந்துவிடுகின்றன.

டெங்குவில் ஒவ்வொரு நாளும் எவ்வளவு முக்கியம் என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். காய்ச்சல் கண்டவரின் ரத்தத்தில் முதல் நான்கைந்து நாட்கள் வைரஸ் மிகுதியாக இருக்கும். அந்த நாட்களில் அவரைக் கடிக்கும் ஏடிஸ் கொசு வைரஸை எடுத்துக்கொள்கிறது. எனினும் அந்தக் கொசு உடனே நோயைப் பரப்பிவிடுவதில்லை. வைரஸ் அதன் உடலுக்குள் பெருகி உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய ஏறத்தாழ 8 முதல் 12 நாட்கள் ஆகின்றன. கொசு நெடுந்தொலைவு பறப்பதும் இல்லை என்பதால், பெரும்பாலும் அதே வீட்டையும் அக்கம்பக்கத்தையும் சுற்றியே திரிகிறது. நோயாளிக்குக் காய்ச்சல் தொடங்கிய நாளுக்கும் பக்கத்து வீட்டுக்காரர் தொற்றுள்ள கொசுவால் கடிபடும் நாளுக்கும் இடையில் இவ்வாறு ஒரு வாரத்திற்கும் மேற்பட்ட இடைவெளி கிடைக்கிறது. அந்த இடைவெளிக்குள் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் அத்தெருவுக்கு வந்து, தொட்டிகளைக் கழுவி, கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றி, வீட்டுக்குள் புகை மருந்தும் அடித்துவிட்டால் சங்கிலி அறுந்துவிடும்.

நடைமுறையில் அந்த நாட்கள் கரைந்துபோகும் விதம் வேறு. பல்லடத்தில் காய்ச்சல் கண்ட ஒருவர் இரண்டாம் நாள் பக்கத்துக் கிளினிக்குக்குச் சென்று மாத்திரை வாங்குகிறார். நான்காம் நாளும் காய்ச்சல் தணியாததால் தனியார் லேப் ஒன்றில் ரத்தத் தட்டணுக்களை எண்ணிப் பார்க்கிறார். எண்ணிக்கை குறையவே உறவினர்கள் ஐந்தாம் நாள் கோவையில் உள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கின்றனர். அங்கே எடுத்த ரத்தத்தில் டெங்குவை உறுதிசெய்யும் எலிசா பரிசோதனை செய்யப்பட்டு, முடிவு கோவை மாவட்ட அலுவலகத்திற்குச் சென்று, முகவரி திருப்பூர் மாவட்டம் என்று கண்டு அங்கே அனுப்பப்பட்டு, வட்டாரத்திற்கு வந்துசேரும்போது பத்து நாட்கள் ஓடிவிடக்கூடும். புகை மருந்து அடிக்க ஆட்கள் தெருவுக்குள் நுழையும் வேளையில், தொற்றுள்ள கொசு தன் வேலையைத் தொடங்கியிருக்கும். இந்தப் பாதையில் எவரும் கடமை தவறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தகவல் புறப்பட்ட இடம்தான் தவறு. இரண்டாம் நாளில், முதல் கிளினிக்கிலிருந்தே அது புறப்பட்டிருக்க வேண்டும்.

மருத்துவர் அரசுக்குத் தகவல் தர வேண்டும் என்னும் கருத்து தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. சென்னை மாகாணத்தில் காலராவும் பெரியம்மையும் தோன்றினால் மேலே தெரிவிப்பது கிராம முன்சீப்பின் வேலையாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் கோவையை வாட்டியதன் நினைவாகப் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் அந்நகரில் இருக்கின்றன. பம்பாய்ப் பிளேக்கை ஒட்டி 1897-இல் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. 1939-இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது சுகாதாரச் சட்டம், அறிவிக்கப்பட்ட தொற்றுநோய்களைக் கண்டால் தெரிவிக்கும் கடமையைத் தனியார் மருத்துவர் மீதும் சுமத்தியது. அந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 2024 நவம்பரில் பாம்புக்கடியும் அதன்கீழ்க் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

நாடு தழுவிய கண்காணிப்புக்குத் தூண்டுதலாக அமைந்தது 1994-இல் சூரத் நகரில் பிளேக் என்ற செய்தி பரவி இலட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடிய நிகழ்ச்சி. அதன்பின் முதலில் ஒரு தேசியத் திட்டமும், 2004 நவம்பரில் உலக வங்கியின் உதவியுடன் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டமும் தொடங்கின. அதன் அடிப்படை மூன்று படிவங்கள். துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதாரச் செவிலியர் அறிகுறிகளை மட்டும் கொண்டு நிரப்புவது எஸ் படிவம். மருத்துவர் நோயாளியைப் பார்த்துத் தம் கணிப்பை எழுதுவது பி படிவம். ஆய்வகம் உறுதிசெய்ததை எழுதுவது எல் படிவம். எஸ் படிவம் நோயின் பெயரையே கேட்பதில்லை: ஏழு நாட்களுக்கு உட்பட்ட காய்ச்சல், தடிப்புடன் கூடிய காய்ச்சல், ரத்தக்கசிவுடன் கூடிய காய்ச்சல், மூன்று வாரத்துக்கு மேற்பட்ட இருமல், வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை, 15 வயதுக்கு உட்பட்டோருக்குத் திடீரென ஏற்படும் வாதம் என்று அறிகுறித் தொகுதிகளையே கேட்கிறது. என்ன நோய் என்று உறுதியாகும்வரை காத்திராமல், அறிகுறிகளின் கூட்டம் வழக்கத்தை மீறுகிறதா என்று பார்ப்பதே அதன் நோக்கம்.

முதலில் இப்படிவங்கள் வாரத்திற்கு ஒருமுறை மொத்த எண்ணிக்கையாக மேலே சென்றன. 2018 நவம்பரில் சில மாநிலங்களில் சோதனையாகத் தொடங்கி, 2021 ஏப்ரல் 5 அன்று நாடு முழுமைக்கும் அறிமுகமான ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளத்தில், ஒவ்வொரு நோயாளியும் தனித்தனிப் பதிவாக, இருப்பிடத்துடன், அன்றன்றைக்கே ஏற்றப்படுகிறார். முன்பு 18 ஆக இருந்த நோய்களின் எண்ணிக்கை இதில் 33 ஆனது. ஒரு பகுதியில் இந்த வாரம் பதிவான காய்ச்சல்களைக் கடந்த ஆண்டுகளில் இதே காலத்தில் பதிவானவற்றோடு ஒப்பிட்டு, எல்லை மீறினால் எச்சரிக்கும் வேலையைக் கணினி ஓயாமல் செய்ய முடியும். ஆனால் தன்னிடம் வந்துசேராத காய்ச்சலை அது எண்ண முடியாது. 2017-18-இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75-ஆவது சுற்று, நாட்டில் சிகிச்சை பெறப்பட்ட நோய்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு மட்டுமே அரசு மருத்துவ நிலையங்களுக்கு வந்ததாகக் காட்டியது. எஞ்சியவற்றில் பெரும்பகுதி தனியார் மருத்துவமனைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் சென்றது. பி படிவத்தை அரசு மருத்துவர் மட்டும் நிரப்பினால், கண்காணிப்பு பத்தில் மூன்று பங்கை மட்டுமே பார்க்கிறது.

தனியார் மருத்துவர் நிரப்பாததற்கு அலட்சியத்தை மட்டும் காரணமாகக் கூறுவது நியாயமாகாது. மாலை ஆறு முதல் ஒன்பதரை வரை நாற்பது ஐம்பது பேரைப் பார்க்கும் ஒருவர், மருந்துச் சீட்டை எழுதி நோயாளியிடமே கொடுத்தனுப்புகிறார். கிளினிக்கில் எஞ்சுவது டோக்கன் நோட்டில் ஒரு பெயரும் கட்டணமும்தான். கணினியில் மருத்துவக் குறிப்பு வைத்திராத இடத்தில் ஒவ்வொருவரின் முகவரியையும் கைபேசி எண்ணையும் மறுபடி கேட்டுத் தட்டச்சு செய்வது பெருஞ்சுமை. அதோடு அச்சமும் சேர்கிறது. டெங்கு என்று சொன்னால் அலுவலர்கள் வந்து விளக்கம் கேட்பார்களோ, துரித அட்டைப் பரிசோதனையைக் கொண்டு பீதி கிளப்பினார் என்று குற்றம் சாட்டுவார்களோ, தெருவில் புகை அடித்ததைக் கண்டு நோயாளிகள் வேறு கிளினிக்கைத் தேடிப் போய்விடுவார்களோ என்னும் தயக்கம் அவருக்கு இயல்பு. அரசின் டெங்குக் கணக்கில் எலிசா பரிசோதனையில் உறுதியானவர்கள் மட்டுமே சேர்க்கப்படுகின்றனர். தனியார் லேப்களின் அட்டை முடிவுகள் ஏற்கப்படுவதில்லை. புள்ளிவிவரத்திற்கு அந்தக் கண்டிப்பு சரியானதே. ஆனால் கணக்கெடுப்பதும் எச்சரிப்பதும் ஒன்றல்ல. சந்தேகம் என்று சொல்வதற்கே இடமிருக்கும் ஒரு வழி திறந்திருந்தால்தான், உறுதியாவதற்குள் கொசுவைத் துரத்த முடியும்.

இந்தச் சிக்கல் தமிழ்நாட்டு மண்ணிலேயே ஒருமுறை தீர்க்கப்பட்டது என்பது பலருக்கும் தெரியாத செய்தி. 1980-களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வைரஸ் ஆய்வாளர் டி. ஜேக்கப் ஜானும் அவருடைய குழுவினரும், அன்றைய வட ஆர்க்காடு மாவட்டம் முழுவதற்கும் ஒரு கண்காணிப்பு முறையை உருவாக்கினர். கணினி இல்லை, தொலைபேசிகூட அரிது. அவர்கள் கையாண்டது அஞ்சலட்டை. போலியோ, தட்டம்மை போன்ற சில நோய்களின் பெயர்கள் முன்பே அச்சிடப்பட்ட அட்டைகளை அரசு மருத்துவமனைகளுக்கும் தனியார் மருத்துவர்களுக்கும் கொடுத்து, அப்படி ஒரு நோயாளியைச் சந்தேகித்த உடனேயே நிரப்பித் தபாலில் போடச் சொன்னார்கள். வந்த அட்டைகள் மாவட்ட அளவில் ஓரிடத்தில் தொகுக்கப்பட்டன; கொத்தாக எங்கேனும் நோய் தெரிந்தால் சுகாதாரத் துறைக்குத் தகவல் போயிற்று. இவ்வளவோடு நின்றிருந்தால் இதுவும் மற்றொரு படிவமாகவே முடிந்திருக்கும். ஆனால் மாதந்தோறும் ஒரு சிறு செய்தி மடல் அச்சாகி, அட்டை அனுப்பிய ஒவ்வொரு மருத்துவருக்கும் திரும்பிச் சென்றது. எந்த ஊரில் எந்த நோய் காணப்பட்டது, அதற்கு என்ன செய்யப்பட்டது என்பதை அதில் அவர்கள் படித்தனர். தாம் அனுப்பிய அட்டைக்குப் பலன் கிடைத்ததைத் தம் கண்ணாலேயே கண்டனர்.

அந்த அனுபவம் 1998-இல் லான்செட் மருத்துவ இதழில், வளரும் நாடுகளுக்கான மாவட்ட அளவிலான முன்மாதிரி என்னும் வகையில் வெளியாயிற்று. பின்னர் கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்திலும் அதே முறை செயல்படுத்தப்பட்டது. இதில் வியப்புக்குரியது அஞ்சலட்டையின் எளிமையன்று. தனியார் மருத்துவரைத் தகவல் தர வேண்டிய குற்றவாளியாகப் பாராமல், மாவட்டத்தின் நலத்தில் பங்காளியாகப் பார்த்த மனப்பாங்கு. அதன்பின் வந்த மின்னணுத் தளங்கள் அட்டையைவிட ஆயிரம் மடங்கு விரைவானவை. ஆனால் திரும்பிச் செல்லும் மடலுக்கு அவை போதிய இடம் வைக்கவில்லை.

போலியோ ஒழிப்பும் இதையே காட்டியது. 1997-இல் தொடங்கிய தேசியப் போலியோ கண்காணிப்புத் திட்டத்தில், 15 வயதுக்கு உட்பட்ட எந்தக் குழந்தைக்குக் கை கால் திடீரெனத் துவண்டாலும், அது போலியோவா என்று யோசிக்காமல் உடனே தெரிவிக்கும்படி குழந்தை மருத்துவர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். வாதம் தொடங்கிய 14 நாட்களுக்குள் இரண்டு மல மாதிரிகள் எடுக்கப்பட வேண்டும். ஒரு வாரம் யாரும் வரவில்லை என்றால் அதையும் "இல்லை" என்று தெரிவிக்க வேண்டும். தகவல் இல்லாமையையும் நோய் இல்லாமையையும் பிரித்தறிய அதுவே வழி. திட்டத்தின் மருத்துவ அலுவலர்கள் நேரில் வந்து பேசினார்கள், தொலைபேசியில் கேட்டார்கள். நாட்டின் கடைசிப் போலியோ நோயாளிக்கு 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹௌராவில் வாதம் கண்டதை உறுதியாகச் சொல்ல முடிந்ததற்கும், 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லாத நாடு என்று இந்தியாவுக்குச் சான்று கிடைத்ததற்கும் அந்த வாராந்திர "இல்லை"களும் அடித்தளம்.

காசநோயில் வேறு வழி கையாளப்பட்டது. 2012 மே மாதம் முதல் தனியார் மருத்துவரும் காசநோயாளியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்றாயிற்று. நிக்ஷய் என்னும் கணினித் தளம் அதற்காக அமைக்கப்பட்டது. 2018-இல் தெரிவிக்கத் தவறினால் தண்டனை என்ற அறிவிப்பு வந்தது. தெரிவித்தால் 500 ரூபாயும் சிகிச்சை முடிவைச் சொன்னால் மற்றுமொரு 500 ரூபாயும் தரும் ஏற்பாடும் உண்டு. மாதக்கணக்கில் மருந்துண்ண வேண்டிய காசநோய்க்கு இது பொருந்தலாம். விரைந்து தெருவையே பிடிக்கும் காய்ச்சலுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் வைப்பது நடைமுறைக்கு ஒவ்வாது.

கைபேசி வழிக் கண்காணிப்பையும் தமிழ்நாடு பலருக்கும் முன்பே முயன்று பார்த்தது. 2008 முதல் 2010 வரை சிவகங்கை மாவட்டத்தின் திருப்பத்தூர்ப் பகுதியிலும் இலங்கையின் குருநாகல் மாவட்டத்திலும் ஒரே நேரத்தில் ஒரு சோதனைத் திட்டம் நடந்தது. கொழும்பின் லேர்ன்ஏசியா நிறுவனம், சென்னை ஐஐடி, அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகம் ஆகியவை கனடாவின் நிதியுதவியுடன் இதில் கைகோத்தன. கிராம சுகாதாரச் செவிலியர்கள் பட்டன் வைத்த சாதாரணக் கைபேசியில் நோயாளியின் வயது, அறிகுறி, இடம் ஆகியவற்றைத் தட்டி அனுப்ப, தொலைவில் இருந்த கணினி வழக்கத்துக்கு மாறான திரள்களைத் தேடியது. சிறிய விசைப்பலகையில் நோய்ப் பெயர்களைத் தட்டும்போது எழுத்துப் பிழைகள் மலிந்து, கணினிக்கு ஒரே நோய் பல நோய்களாகத் தோன்றிய தொல்லையும் அப்போதே தெரியவந்தது. இன்று தொடுதிரையில் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் வசதி அந்தத் தொல்லையைப் பெருமளவு தீர்த்துவிட்டது.

உலகில் பொது மருத்துவர்களை மின்னணு வழியில் இணைத்த முன்னோடி பிரான்சு. 1984-இல் தொடங்கிய சென்டினெல் வலையமைப்பில், தன்னார்வமாக இணைந்த பொது மருத்துவர்கள், இணையம் பரவாத அக்காலத்திலேயே, தொலைபேசியோடு சேர்ந்த மினிடெல் என்னும் சிறு திரைக்கருவி வழியாகத் தாம் கண்ட புளூக் காய்ச்சல்களை வாரந்தோறும் அனுப்பினர். எல்லா மருத்துவரும் எல்லாவற்றையும் சொல்லத் தேவையில்லை, தேர்ந்தெடுத்த சிலர் தவறாமல் சொன்னாலே நோயின் ஏற்றஇறக்கம் தெரிந்துவிடும் என்பதே அதன் பாடம். மருத்துவரையே தவிர்த்துவிட்டு, மக்கள் இணையத்தில் தேடும் சொற்களைக் கொண்டு காய்ச்சலைக் கணிக்கலாம் என்று கூகுள் 2008-இல் தொடங்கிய முயற்சி, 2012-13 பருவத்தில் உண்மை நிலையை ஏறத்தாழ இருமடங்காகக் காட்டிவிட்டு, 2015-இல் நிறுத்தப்பட்டது. நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்த்தவரின் சொல்லுக்கு இன்னும் மாற்று கிடைக்கவில்லை.

கோவிட் காலமும் இதை வேறொரு விதத்தில் உணர்த்தியது. 2020 பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 2 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், கடும் மூச்சுத் தொற்றுடன் மருத்துவமனைகளில் சேர்ந்த 5,911 பேரைப் பரிசோதித்தபோது 104 பேருக்குக் கோவிட் இருந்தது. அவர்களில் 40 பேர் வெளிநாடு சென்றவர்களோ, நோயாளியோடு பழகியதாகத் தெரிந்தவர்களோ அல்லர். மருத்துவமனையில் சேரும் நிலைக்கு வந்த இவர்களில் பலர், அதற்குச் சில நாட்களுக்கு முன்பு ஏதேனும் ஒரு தெருமுனைக் கிளினிக்கிலோ மெடிக்கல் ஷாப்பிலோ நின்றிருக்கக்கூடும். அந்த முதல் சந்திப்பைப் பதிவு செய்ய வழி இருக்கவில்லை. ஊரடங்கில் பல கிளினிக்குகள் மூடப்பட்டதும் நிலைமையை மோசமாக்கியது.

நோயாளியின் பக்கமும் கருதப்பட வேண்டும். கோவிட் காலத்தில் தமிழ்நாட்டின் பல ஊர்களில் தொற்று கண்ட வீட்டைத் தகரம் அடித்து மறைத்ததும், வாசலில் அறிவிப்பு ஒட்டியதும், மக்கள் காய்ச்சலை ஒளிக்கவே காரணமாயின. பெயரும் கைபேசி எண்ணும் கணினியில் ஏறும்போது, அவற்றை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பது வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும். 2023-இல் இயற்றப்பட்ட எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இக்கேள்வியை இன்னும் முக்கியமாக்கியுள்ளது. கொள்ளைநோயின் முதற்கட்டத்தில் பெயரே தேவையில்லை: தெரு, வயது, அறிகுறி, தொடங்கிய நாள் என நான்கு விவரங்களே கொசு ஒழிப்புக்குப் போதும். வடமாநிலத் தொழிலாளரைப் பொறுத்தவரை, வீட்டு எண்ணைவிட வேலை செய்யும் குடோனின் பெயரைக் கேட்பதே பயன் தரும். ஆதார் அட்டையில் இருக்கும் பீகார் முகவரியைப் பதிந்தால் எச்சரிக்கை வெகுதொலைவில் உள்ள ஒரு மாவட்டத்திற்குப் போய்ச்சேரும்.

இப்படி நாள்தோறும் தகவல் புழங்கும் அமைப்பு பல்லடத்துக்கு அந்நியமானதன்று. இவ்வூரை மையமாகக் கொண்ட கறிக்கோழி உற்பத்தியாளர்களின் ஒருங்கிணைப்புக் குழு ஒவ்வொரு நாளும் அறிவிக்கும் பண்ணைக் கொள்முதல் விலையைக் கொங்கு நாட்டின் கோழிப்பண்ணைக்காரர்கள் கைபேசியில் எதிர்பார்த்திருக்கின்றனர். தம் அன்றாட முடிவுக்கு அது உதவுவதால்தான் அந்த எதிர்பார்ப்பு. காய்ச்சல் நிலவரமும் மருத்துவருக்கு அவ்வாறு உதவ வேண்டும். தம் கிளினிக்குக்கு வந்த தடிப்புக் காய்ச்சல் தட்டம்மையா டெங்குவா என்று குழம்பும் மருத்துவருக்கு, பொங்கலூர்ப் பக்கம் இந்த வாரம் டெங்கு உறுதியாகியுள்ளது, சூலூர்ப் பக்கம் இல்லை என்னும் ஒரு வரி, நல்லதொரு பரிசோதனைக் கருவிக்கு ஈடானது. பறவைக் காய்ச்சல் அச்சம் எழும் காலங்களில் கோழிப்பண்ணைத் தொழிலாளர்களின் இருமலையும் காய்ச்சலையும் தனித்துக் கவனிக்க வேண்டிய ஊரும் இதுவே. வதந்தியால் கோழி விலை சரிந்ததை 2020-இன் தொடக்கத்தில் கண்ட இத்தொழிலுக்கு, நம்பத்தகுந்த தகவல் இருப்பது பாதுகாப்பே ஒழியக் கேடன்று.

ஆகவே வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பாக, பல்லடம் வட்டாரத்தில் நாள்தோறும் காய்ச்சல் பார்க்கும் கிளினிக்குகளில் விருப்பமுள்ள ஒரு சிலவற்றையேனும் தேர்ந்து, இந்திய மருத்துவச் சங்கத்தின் உள்ளூர்க் கிளையின் துணையோடு இணைப்பது மாவட்ட நிர்வாகத்தால் இயலாத செயலன்று. கிளினிக் உதவியாளர் இரவில் கடையடைக்கும்போது ஒரு நிமிடத்தில் தட்டி அனுப்பக்கூடிய நான்கு கேள்விகள். யாரும் வராத நாளில் "இல்லை" என்று ஒரு பொத்தான். தகவல் தந்தவரிடம் விளக்கம் கேட்டு எவரும் வரமாட்டார்கள் என்னும் எழுத்துமூல உறுதி. ஒவ்வொரு திங்கட்கிழமையும் வட்டாரத்தின் காய்ச்சல் நிலவரத்தையும், எந்தத் தெருவில் எந்த நாளில் தொட்டிகள் கழுவப்பட்டன என்பதையும் சொல்லி மருத்துவரின் கைபேசிக்கே திரும்பி வரும் ஒரு பக்கத் தமிழ் மடல். முதல் மூன்றையும் விரைவில் ஏற்படுத்திவிடலாம். நான்காவதை எழுத மாவட்ட சுகாதார அலுவலகத்தில் அதற்கென்றே ஒருவர் அமர்த்தப்பட வேண்டும். அந்தப் பணியிடத்திலிருந்தே தொடங்குவது நல்லது.